பிறந்த வீட்டுப் பங்கு

ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அதன்மேல் எழுந்த ஐயங்களெல்லாம் உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்டு, இனி வாதிக்க ஏதுமில்லை என்று வக்கீல்களே ஒப்புக்கொண்ட பிறகும், அந்தச் சட்டம் யாரை உத்தேசித்துப் பிறந்ததோ அவர்களுடைய பெயர் நிலப் பதிவேடுகளில் ஏறாமலே நிற்குமானால், குறை எங்கே இருக்கிறது என்று ஆராய்வது நம் எல்லோருடைய கடமையுமாகும். தகப்பன் வழிச் சொத்தில் ஹிந்துப் பெண்ணுக்குள்ள பாத்தியதை இன்று தமிழ்நாட்டில் அத்தகைய நிலையில்தான் இருக்கிறது. மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்று சட்டம் சொல்கிறது. மகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லப்படுகிறாள். ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறாள். அன்றோடு அந்தப் பாத்தியதை முடிந்துபோகிறது. கொடுத்த உரிமையை எந்தச் சர்க்காரும் பறிக்கவில்லை, எந்த நீதிபதியும் மறுக்கவில்லை. குடும்பமே, அன்பின் பெயரால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரம் எது என்று கேட்டால், பெண்ணுக்குச் சொத்தில்லை என்பது அனாதியான தர்மம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோர் உண்டு. அவர்கள் காட்டக்கூடிய நூல், தென்னாட்டில் நெடுங்காலமாகப் பிரமாணமாக இருந்துவந்த மிதாக்ஷரமே. சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய வியாக்கியானம் அது. முன்னோர் வழி வந்த பிதுரார்ஜித சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே பாத்தியதை உண்டு என்றும், மகளுக்கு அது இல்லை என்றும் அந்த மரபு கொண்டது உண்மை. ஆனால் அதே விஞ்ஞானேசுவரர், ஸ்திரீதனம் எது என்று விளக்கப் புகுந்த இடத்தில், கல்யாணத்தின்போது பெற்றோரும் உற்றாரும் கொடுத்த நகையும் துணியும் மாத்திரம் என்று குறுக்கவில்லை. வாரிசாக வந்ததும், விலைக்கு வாங்கியதும், பாகத்தில் கிடைத்ததும் ஸ்திரீதனமே என்று விரித்துச் சொன்னார். அந்த விரிவைச் சுருக்கிவிட்டவர்கள் லண்டனில் அமர்ந்து நம் வழக்குகளைத் தீர்த்த பிரிவி கவுன்சில் நீதிபதிகள். வாரிசாக வந்த சொத்தைப் பெண் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாமேயன்றி, அதைத் தன்னிஷ்டப்படி விற்கவோ தானம் செய்யவோ முடியாது என்ற நிலைமை அவர்களுடைய தீர்ப்புகளால் உறுதிப்பட்டது. ஆகவே தொன்மையைத் துணைக்கு அழைப்பவர்கள் தொன்மையையே முழுவதும் படித்தார்களா என்று கேட்க நமக்கு நியாயமுண்டு.

1929-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. அக்காலத்தில் அது பலருக்கு விபரீதமாகத் தோன்றியிருக்கும். 1937-இல் மத்திய சட்டசபையில் அங்கத்தினர் தேஷ்முக் கொண்டுவந்த சட்டம் விதவைக்குக் கணவனுடைய பங்கில் ஓர் அனுபவ உரிமையைக் கொடுத்தது. மகளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. சுதந்திரம் வந்த பின், ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நடத்திச் செல்லும் பொறுப்பு டாக்டர் அம்பேத்கரிடம் வந்தது. முன்னைய வரைவு மகனுடைய பங்கில் பாதியே மகளுக்கு என்று வைத்திருந்ததை, மகனுக்குச் சமமான பங்கு என்று உயர்த்தி அந்த மசோதா சபைக்கு வந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பும், அதனால் விளைந்த தாமதமும், மசோதா கைவிடப்பட்டதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி அம்பேத்கர் 1951-இல் மந்திரி பதவியைத் துறந்ததும் நாடறிந்த சரித்திரம். ஒரு சட்ட மந்திரி பெண்களின் உரிமையைப் பொருட்டாகக் கருதிப் பதவியை விட்டு விலகினார் என்ற செய்தி, நம் பள்ளிக்கூடப் பாடங்களில் இதைவிடப் பெரிய எழுத்துக்களில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1956-இல் வந்த ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசுகளின் முதல் வரிசையில் உட்காரவைத்தது. பெண் அதுவரை ஆயுட்காலத்துக்கு மாத்திரம் வைத்திருந்த சொத்தைப் பரிபூரண உடைமையாக்கிற்று. இவ்வளவு செய்தும், மிதாக்ஷரக் கூட்டுக் குடும்பச் சொத்தின் அஸ்திவாரத்தை அது அசைக்கவில்லை. தாய் முன்பே காலமாகிவிட்ட ஒரு குடும்பத்தில் தகப்பனும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்து, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், பிதுரார்ஜித நிலம் முதலில் தகப்பனுக்கும் மகன்களுக்குமாக மூன்று பாகமாகும். தகப்பனுடைய அந்த ஒரு பாகம் மறுபடியும் மூன்றாகப் பிரிந்து, அதில் ஒன்று மகளுக்கு வரும். அதாவது, ஒன்பது ஏக்கர் நிலத்தில் மகன்களுக்குத் தலைக்கு நான்கு ஏக்கர், மகளுக்கு ஒரே ஏக்கர். இதைச் சமத்துவம் என்று சொல்லத்தான் நம் பார்லிமெண்டு ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் துணிந்திருந்தது.

முதலில் விழித்தது ஆந்திரம். அடுத்து, கலைஞர் கருணாநிதியின் ஆட்சியில் தமிழ்நாடு 1989-இல் சட்டத்தைத் திருத்தி, மகனைப் போலவே மகளும் பிறப்பினால் கூட்டுப் பங்குதாரர் என்று வகுத்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே 60 வருஷங்கள். அதிலும் ஒரு வரம்பு இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகிவிட்ட பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லை, கல்யாணமாகாதிருந்த தங்கைக்கு உண்டு என்னும் வேற்றுமை வீடுகளில் நுழைந்தது. 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள், மணமாகாத மகள் என்ற பாகுபாட்டை நீக்கிற்று. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் தீர்ப்புகள் முரண்பட்டுக் கிடந்ததை, 2020 ஆகஸ்டு 11-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, மகளின் பாத்தியதை பிறப்பினால் வருவதாகையால் தகப்பன் அன்று உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கி முடித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளையும் விற்பனை முதலிய கைமாற்றங்களையும் தவிர, மகளைத் தடுக்கச் சட்டத்தில் இன்று ஒரு வேலியும் இல்லை.

சட்டத்தில் வேலி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் காண விரும்புவோர், எந்த ஊரிலும் முகூர்த்த நாளொன்றில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று ஒரு மணி நேரம் நின்றால் போதும். தகப்பனார் காலமாகிக் கருமாதி முடிந்த சில வாரங்களுக்குள், அண்ணன் தம்பிமார் ஒரு வண்டி ஏற்பாடு செய்து, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளை அழைத்து வருகிறார்கள். பத்திர எழுத்தர் முன்பே எழுதி வைத்துவிட்டார். சகோதரிகளுக்கு அதைப் படித்துக் காட்டுவோர் சில இடங்களில் உண்டு. படித்துக் காட்டப்படும் பாஷையோ, சர்வே நம்பர்களும் நான்கெல்லைகளும் நிறைந்து, பட்டதாரிகளுக்கும் புரியாத பாஷை. "அக்கா, இங்கே ஒரு கையெழுத்துப் போடு, வீடு எப்பவும் உன் வீடுதானே" என்று தம்பி சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த க்ஷணத்தில் மனப்பூர்வமாகவே சொல்கிறான். சார்பதிவாளர், பதிவுச் சட்டம் தமக்கு விதித்தபடி, இந்தப் பத்திரத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா, நீங்கள் இன்னார்தானா என்று கேட்கிறார், அவள் ஆமென்கிறாள், விரல் ரேகை பதிகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. நீங்கள் விட்டுக்கொடுப்பது எத்தனை செண்டு, அதன் மதிப்பு என்ன, விட்டுக்கொடுக்காவிட்டால் உங்களுக்கு ஏதேனும் தொல்லை வருமோ என்று கேட்க அவருக்குக் கடமையில்லை, ஆகவே கேட்பதுமில்லை. பிறகு நல்ல ஹோட்டலில் எல்லோருமாகச் சாப்பிடுகிறார்கள். சகோதரிக்கு ஒரு பட்டுப் புடவை. ஊருக்குத் திரும்பும்போது அண்ணி பூவைத்து அனுப்புகிறாள்.

அந்தப் பெண் ஏன் கையொப்பமிட்டாள்? அறியாமையால் என்று சொல்வது எளிது. பெரும்பாலும் அது உண்மையன்று. பள்ளி ஆசிரியைகளும் வங்கி ஊழியர்களும், சட்டம் படித்த பெண்களுங்கூடக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பங்கு கேட்டால் தனக்கு என்ன கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். என்ன போகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். பொங்கலுக்கும் ஆடிக்கும் வருகிற சீர், மகளுக்குப் பூப்பு நீராட்டும் நாளில் பந்தலுக்குத் தட்டுத் தூக்கி வரவேண்டிய தாய்மாமன், மகனுக்குக் காது குத்தும்போது அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், புக்ககத்தில் ஒரு சொல் பொறுக்காமல் பெட்டியோடு புறப்பட்டால் போய் நிற்க உள்ள ஒரே வாசல், இவை யாவும் அந்த ஒரு கையொப்பத்தின்மேல் நிற்கின்றன. பங்கு கேட்ட சகோதரி, பங்கை வாங்கிக்கொண்டு, உறவை இழந்தவளாகவே ஊரில் பேசப்படுகிறாள். கணவன் தூண்டிவிட்டான் என்று பிறந்த வீட்டார் பழிக்கிறார்கள். கேளாமல் விட்டாலோ, சாமர்த்தியம் போதாதவள் என்று சில வேளைகளில் கணவன் வீட்டார் பழிக்கிறார்கள். அவள் தன் நெஞ்சில் என்ன நினைக்கிறாள் என்று விசாரிப்போர் இரண்டு இடத்திலும் இல்லை. இரு வீடுகளிலும் அவள் அன்புள்ள விருந்தாளி. எந்த வீட்டின் சுவரிலும் ஓர் ஆணி அடிக்க யாரையாவது கேட்டுக்கொள்ள வேண்டியவள்.

மறுத்தால் தண்டனை உண்டு என்ற நிலைமையில் கொடுக்கப்படும் சம்மதத்தைத் தானம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. மெய்யாகவே விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடனில் மூழ்கிய தம்பிக்காகவும், உடல் நலிந்த அண்ணனுக்காகவும், செல்வமுள்ள சகோதரி தன் பங்கைக் கொடுப்பது உயர்ந்த செயல். அதை நான் வணங்குகிறேன். ஆனால் உயர்ந்த செயலுக்கு அடையாளம், அது எல்லாத் திசையிலும் நடப்பது. வசதியுள்ள அண்ணன் ஏழைத் தங்கைக்குத் தன் பங்கை விடுதலை எழுதிக் கொடுத்ததாக நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? தியாகம் என்பது ஒரே பாலாரிடமிருந்து மற்றொரு பாலாருக்கு, ஜில்லா தோறும், ஜாதி தோறும், தலைமுறை தோறும், தவறாமல் பாய்ந்துகொண்டிருக்குமானால், அதைத் தனி மனிதரின் தயாள குணம் என்று கருதுவதற்கில்லை. அது சம்பிரதாயம் இட்ட வரி.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் நியாயங்களில் மிகவும் பழகிப்போனது நகை. கல்யாணத்தின்போது அவளுக்கு இத்தனை பவுன் போட்டோம், பாத்திரம் பண்டம் கொடுத்தோம், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினோம், அவள் பங்கு அப்போதே தீர்ந்தது என்பார்கள். கேட்டுக் கொடுப்பதை 1961-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அந்த நகை யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெண்ணின் தனம் என்று பெயர் பெற்ற ஆபரணம் ஆபத்துக் காலத்தில் யார் கையால் கடைவீதிக்குப் போகிறது என்பதை நம் முதற் காப்பியமே காட்டிவிட்டது; கண்ணகியின் காற்சிலம்பை மதுரையில் விற்கச் சென்றவன் கோவலன். இன்றும் விதைநெல்லுக்கும், கணவனின் வியாபாரத்துக்கும், நாத்தனார் கல்யாணத்துக்கும் முதலில் அடகுக் கடை ஏறுவது மருமகளின் சங்கிலிதான். நகை போகும்; நிலம் நிற்கும், விளையும், விலை ஏறும். மகளுக்குக் கொடுத்ததை எல்லாம் கணக்கெழுதிக் கழிக்க விரும்புகிறவர்கள், மகனுடைய கல்லூரிச் சம்பளத்தையும், வேலைக்காகக் கொடுத்த முன்பணத்தையும், அவன் கல்யாணச் செலவையும் அதே ஏட்டில் எழுதட்டும், பிறகு பேசலாம்.

பெற்றோரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறவன் மகன் என்பது மற்றொரு நியாயம். இதில் ஒரு காலத்தில் உண்மை அதிகம் இருந்தது. இப்போது எந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவிலும், படுத்த தாய்க்குப் பக்கத்தில் விழித்திருப்பவள் மகளா மருமகளா மகனா என்று பார்த்துக்கொள்ளலாம். எப்படியும் அது ஒரு பெண்ணாகவே இருக்கும். மணமான மகளும் தாய் தந்தையருக்கு ஜீவனாம்சம் கொடுக்கக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பளித்தது. மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் வருஷத்துச் சட்டமும் மகன், மகள் என்று பிரித்துப் பேசவில்லை. கடமையில் சமமாக நிறுத்தப்பட்டவளை உரிமையில் மாத்திரம் பின்னுக்கு நிறுத்துவது எந்த நியாயசாஸ்திரத்திலும் அடங்காது. நிலம் துண்டு துண்டாகிவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. நான்கு சகோதரர்கள் பிரித்துக்கொள்ளும்போது வராத கவலை, ஐந்தாவதாகச் சகோதரி வந்து நிற்கும்போது வருகிறது.

சொத்து ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை வெறும் ஊகமாகப் பேச வேண்டிய அவசியமில்லை. பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் கணவன்மார் கையால் அடிபட்டதாகச் சொன்னார்கள்; நிலமும் வீடும் தம் பெயரில் இருந்த பெண்களிடையே அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 7. படிப்பும் வேலையும் செய்யாத காரியத்தை ஒரு வீட்டின் சாவி செய்கிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் வேறொரு கணக்கை நான் படித்ததில்லை. அடித்தால் இவள் எழுந்து போய்விடுவாள், போக இடமுண்டு என்ற அறிவு, ஓங்கிய கையைத் தானாகவே இறக்குகிறது. பங்கைக் கேளாத பெண் தன் பிறந்த வீட்டு வாசலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேளாதிருக்கிறாள் என்று முன்னே சொன்னேன். அந்த வாசல் அண்ணன் உள்ளவரை, அண்ணி மனம் கோணாதவரை, திறந்திருக்கும் வாசல். தன் பெயரில் பட்டா உள்ள இரண்டு அறை வீட்டின் வாசலுக்கு அந்த நிபந்தனைகள் இல்லை.

வயலில் பாடுபடும் பெண்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையால் நடக்கின்றன; ஆயினும் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் இருந்த சாகுபடி உடைமைகள் நூற்றுக்குச் சுமார் 14. பட்டாவும் சிட்டாவும் பெயரில் இல்லாதவளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க் கடன் எளிதில் இல்லை. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நிவாரணம் அவள் கணக்குக்கு வருவதில்லை. கணவன் இறந்தோ பிரிந்தோ போய், தானே ஏர் பூட்டி நிற்கிறவளையும் விவசாயி என்று பதிவேடு அறியாது.

இது ஹிந்துப் பெண்களுக்கு மாத்திரம் உரிய கதையன்று. திருவாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கு 1916-இல் செய்யப்பட்ட சட்டம், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்று வகுத்திருந்தது. கோட்டயத்து மேரி ராய் தம் சொந்தக் குடும்பத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1986-இல் அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்புப் பெற்றார். அந்தத் தீர்ப்பினால் பங்கு பெறத் தகுதியடைந்த பெண்கள் ஏராளம். சகோதரனை எதிர்த்து நிற்க அவரைப் போலத் துணிந்தவர்கள் சொற்பம். முகம்மதிய சட்டமோ பல நூற்றாண்டுகளாகவே மகளுக்கு மகனுடைய பங்கில் பாதியை நிச்சயித்திருக்கிறது; அங்கும் அந்தப் பாதி சகோதரர் கையிலேயே தங்கிவிடும் குடும்பங்கள் பல. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் நிலமும் வீடும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கே வருவது பழைய வழக்கம். ஆனால் மணமான பெண் அந்த நிலத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டுமென்ற விதியும் கூடவே நிற்கிறது. மதம் மாறினாலும் கடல் கடந்தாலும், பெண்ணின் கையொப்பத்துக்குப் பின்னால் ஓர் ஆணின் கை தேவைப்படுவது மாறவில்லை.

செய்ய வேண்டியது என்ன? விடுதலைப் பத்திரத்தையே தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண் தன் சொத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்கும் சுதந்திரமும் அவளுடைய உரிமைகளுள் ஒன்று. நான் வேண்டுவது, உரிமை முதலில் அவள் கைக்கு வந்து சேரட்டும், கொடுப்பது பிறகு நடக்கட்டும் என்பதே. தகப்பன் இறந்து வாரிசுச் சான்றிதழ் வழங்கப்பட்டதும், யாரும் மனுப் போடாமலே, அதில் கண்ட எல்லோர் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா எழுதுவது வருவாய்த் துறையின் கடமையாக வேண்டும். மகளின் பெயர் பட்டாவில் ஏறி ஒரு வருஷமாவது கழியாமல், அவள் சகோதரருக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலையைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் குத்தகை நெல்லோ வாடகைப் பணமோ ஒரு தடவை அவள் கைக்கு வந்திருக்கும். தான் எதைக் கொடுக்கிறோம் என்பதை அவள் தன் கையாலேயே அறிந்திருப்பாள். அதற்குப் பிறகும் கொடுப்பாளானால், அது கொடை.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அவளைத் தனியாக அழைத்து, சகோதரரும் கணவரும் இல்லாத அறையில், அவள் விடும் பங்கின் அளவையும் வழிகாட்டி மதிப்பையும் சொல்லி, அவள் சொல்லும் பதிலை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். படித்த பெண்ணைக் குழந்தையாக நடத்துவதாகும் இது என்று ஆட்சேபிப்பார்கள். கோஷாப் பெண்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்களில், அதன் பொருளை அவள் அறிந்தே எழுதினாள் என்பதை ஆதாயம் பெற்றவனே ருசுப்படுத்த வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் வெகு காலமாக வற்புறுத்தி வந்திருக்கின்றன. திரைக்குப் பின்னால் இருந்தவளுக்குக் கொடுத்த அந்தப் பாதுகாப்பு, உறவுகளின் நடுவே வாய் திறக்க முடியாமல் நிற்பவளுக்கும் உரியதே. சொந்தபந்தம் சூழ நிற்கும்போது மறுப்பது, அந்நியர் நடுவே மறுப்பதைவிடக் கடினம்.

முத்திரைத் தீர்வையைப் பற்றியும் ஒரு சொல். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் விடுதலைக்கு, விற்பனைப் பத்திரத்துக்கு உள்ளதைவிட மிகவும் குறைந்த தீர்வையும், அதற்கு ஓர் உச்சவரம்பும் தமிழ்நாட்டில் உண்டு. பத்து லக்ஷம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைக்கப்படும் என்று 2025 ஏப்ரல் முதல் அரசு செய்திருப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு கையால் பெண்ணை வாங்கச் சொல்லி, மறு கையால் அவள் பிறப்புரிமையை மலிவாக விடச் சொல்வது முரண்பாடு. மகள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் பாகப்பிரிவினைக்கு அந்தத் தீர்வைச் சலுகையைத் தொடர்ந்து கொடுத்து, பிரதிபலன் இல்லாமல் அவள் எழுதித் தரும் விடுதலைக்கு அதை நீக்கிவிடலாம்.

தகப்பன்மாரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2005-க்குப் பிறகு, மகள் பங்கு கேட்டு வந்துவிடுவாளோ என்ற அச்சத்தால், தாமே சம்பாதித்த சுயார்ஜித சொத்தை உயிலாகவோ தானசெட்டில்மென்டாகவோ, பிதுரார்ஜிதத்தில் தம் பங்கை உயிலாகவோ மகன்களுக்கே எழுதி வைத்துவிட்டுச் செல்லும் தகப்பன்மார் பலர். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மகளைப் படிக்கவைத்து, அவள் மதிப்பெண் பட்டியலை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே மனிதர், கடைசிப் பத்திரத்தில் அவள் பெயரை விட்டுவிடுகிறார். தாம் கண்மூடிய பிறகு சகோதரர் நடுவே அவள் பேச வேண்டியதைத் தாம் இருக்கும்போதே பேசி, பங்கைப் பிரித்து எழுதி வைப்பாரானால், கேட்ட பழி அவள்மேல் விழாது, உறவும் கெடாது.

இன்னொன்று, பெண்கள் தாமே செய்துகொள்ளக்கூடியது. மணமான ஹிந்துப் பெண் ஒருத்தி தன் உழைப்பால் சேர்த்த பொருளை உயிலின்றி விட்டு இறந்து, அவளுக்குக் கணவனும் மக்களும் இல்லையானால், அந்தப் பொருள் அவளைப் பெற்ற தாய்க்குப் போகாமல், கணவனுடைய வாரிசுகளுக்குப் போகும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. மணமாகி மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புக்ககத்தாரால் துரத்தப்பட்டு, தாய் வீட்டில் தங்கிப் படித்து வேலை பார்த்துப் பணம் சேர்த்த ஒரு பெண் 1996-இல் இறந்தபோது, அவள் சேமிப்பெல்லாம் கணவனுடைய சகோதரியின் மக்களுக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. நீதிபதிகளின் இரக்கம் சட்டத்தின் சொற்களை வெல்ல முடியவில்லை. இந்தப் பிரிவைத் திருத்தச் சட்ட ஆணையம் 2008-லேயே தன் 207-ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்திருக்கிறது. பார்லிமெண்டு அதைத் திருத்தும்வரை, சம்பாதிக்கிற ஒவ்வொரு பெண்ணும், மணமானவளாயினும் ஆகாதவளாயினும், வயது முப்பதேயாயினும், ஓர் உயில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, தான் கையொப்பமிட்டு, அதைக் கண்ட இரண்டு சாட்சிகள் அவள் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். அந்தச் சாட்சிகள் அதில் பயனடையாதவர்களாக இருப்பது நலம்.